அரக்குச் சட்டை

புகைப்படத்துக்கு வர்ணம் தீட்டுவது, கம்ப்யூட்டர் என்னும் சாதனம் எங்கள் பக்கத்துக்கு வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே, சிறிய ஊர்களின் ஸ்டூடியோக்களில் தனியொரு தொழிலாகவும் ஓரளவு மரியாதைக்குரிய தொழிலாகவும் இருந்து வந்தது. தாராபுரத்தில் ஒரு ஸ்டூடியோவில் நான் வேலை பழகச் சேர்ந்தபோது அந்தத் தொழில் தன் அந்திம தசையை அடைந்திருந்தது. கலர் பிலிம் எங்கும் பரவிவிட்டபடியால், கறுப்பு வெள்ளைப் படத்தில் கையால் நிறம் ஏற்றித் தரும்படி கேட்டு வருகிறவர்கள், பெரும்பாலும் காலஞ்சென்ற தாயின் படத்தையோ தகப்பனாரின் படத்தையோ ஒரு நோட்டுப் புத்தகத்துக்குள் பத்திரமாக வைத்து எடுத்து வருகிறவர்களாகவே இருந்தார்கள். எங்கள் முதலாளியை எல்லோரும் மாஸ்டர் என்றே அழைப்போம். அவர் அந்தப் படத்தைக் காப்பி எடுத்து, பெரிதாக்கி, வழக்கத்தைவிடச் சற்று வெளிறலாக அச்சிட்டு, தாளை ஈரப்படுத்தி வைத்துக்கொண்டு, மூங்கில் குச்சியின் நுனியில் பஞ்சைச் சுற்றி, ஒளி ஊடுருவும் நீர்வர்ணத்தை மிகவும் நீர்க்கக் கரைத்து, ஒரு பூச்சு காய்ந்தபின் அடுத்த பூச்சாக, அவசரம் என்பதே இல்லாமல் ஏற்றுவார்.

அவர் எனக்குச் சொல்லிக் கொடுத்த முதல் பாடம், நிழலை நான் போடக் கூடாது என்பது. நிழல் படத்திலேயே இருக்கிறது. புடவையின் மடிப்பும், கன்னத்தின் குழிவும், மூக்கின் ஓரமும் எல்லாம் வெளிச்சம் வந்து எழுதிவிட்டுப் போனவை. அவற்றின்மேல் நிறத்தைப் படரவிடுவது மட்டுமே நம் காரியம் என்பார். ஒளி புகாத கெட்டி வர்ணத்தைப் பூசிப் படத்தைப் பளபளப்பாக்கித் தருகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். அவர்கள் கையில் பட்ட முகம் வர்ணம் பூசிய பொம்மை முகமாகிவிடும். வெளிச்சம் எழுதியது அழிந்து, பூசியவரின் கைதான் மிஞ்சும்.

இன்னொரு சம்பிரதாயத்தையும் இங்கே சொல்ல வேண்டும். கறுத்த மேனியைச் சிவப்பாக்கித் தரும்படி, அநேகமாக வந்தவர்கள் எல்லோருமே கேட்பார்கள். பல ஸ்டூடியோக்களில் கேட்காமலேயே செய்து விடுவதும் உண்டு. எங்கள் மாஸ்டர் அதற்கு இணங்கியதில்லை. "உங்கம்மாவை நாலு பேருக்கு அடையாளம் தெரியோணுமுங்களே" என்று மட்டும் சொல்லிவிட்டு, மாநிறத்துக்குரிய செம்மண் சாயையை எடுத்துக் குழைக்கத் தொடங்குவார். கறுத்த தோலில் வெளிச்சம் படுகிற இடத்தில் ஒரு நீலச் சாயலும், காதின் விளிம்பிலும் விரல் கணுக்களிலும் ஒரு செம்மையும் இருப்பதைக் கவனிக்கும்படி சொன்னவர் அவர்தான். மேனி முழுவதையும் ஒரே நிறத்தால் நிரப்புவது, வெளுப்பாகச் செய்தாலும் கறுப்பாகச் செய்தாலும், அந்த மனிதருக்குச் செய்யும் அவமரியாதை என்பதே என் அபிப்பிராயமும்.

கம்ப்யூட்டரும் போட்டோஷாப்பும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, அந்த மென்பொருள் பிறந்து வெகு வருஷங்கள் ஆகியிருந்தன. அமெரிக்காவில் தாமஸ் நோல், ஜான் நோல் என்னும் சகோதரர் இருவர் உருவாக்கிய அதனை அடோபி நிறுவனம் 1990-இல் விற்பனைக்குக் கொண்டு வந்தது. அதில் லேயர் என்னும் வசதி 1994-இல் வெளியான மூன்றாம் பதிப்பிலேதான் சேர்ந்தது. படத்தின்மேல் கண்ணாடித் தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஒவ்வொரு தகட்டிலும் ஒவ்வொரு நிறத்தைத் தீட்டினாற்போல, அடியில் உள்ள மூலப்படம் தொடப்படாமலே இருக்க, மேலே எத்தனை தடவை வேண்டுமானாலும் தீட்டவும் துடைக்கவும் இடம் கொடுப்பது அது. ஈரத் தாளின்மேல் ஒரு தடவை தவறி வைத்த வர்ணத்தை எடுப்பதற்கு எவ்வளவு பிரயாசை வேண்டும் என்பதை அறிந்த எங்களுக்கு, இந்த ஒரு வசதியே பெரிய அநுக்கிரகமாகத் தோன்றியது.

லேயர்கள் ஒன்றோடொன்று கலக்கும் முறைகளுக்குள் கலர் என்ற பெயருடைய ஒன்று உண்டு. மேல் லேயரிலிருந்து நிறத்தையும் அதன் அடர்த்தியையும் மட்டும் எடுத்துக்கொண்டு, வெளிச்சத்தின் அளவைக் கீழ்ப் படத்திலிருந்தே எடுத்துக்கொள்வது அதன் ஸ்வபாவம். அதாவது, நிழலை நீ போடாதே என்று மாஸ்டர் சொன்னது அங்கே கணித விதியாகவே எழுதி வைக்கப்பட்டிருந்தது. அதை நான் அவருக்குத் திரையில் காட்டியபோது அவர் வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வெள்ளை வேட்டியைச் சிவப்பாக்கிக் காட்டு என்றார். அங்கேதான் அந்த முறையின் எல்லை இருந்தது. வெள்ளையின் வெளிச்சம் குறையாதபடியால் எந்த நிறத்தை வைத்தாலும் வேட்டி வெள்ளையாகவே நிற்கும். அதற்கு மல்ட்டிப்ளை என்னும், வெளிச்சத்தைப் பெருக்கிக் குறைக்கும் வேறொரு முறையை நாட வேண்டும். கறுப்பு உடையை வெள்ளையாக்குவதோ இதைவிடப் பன்மடங்கு கடினம். கருமைக்குள் அமிழ்ந்துவிட்ட மடிப்புகளை எந்தக் கருவியாலும் முழுதாக மீட்க முடியாது. முடிந்ததெல்லாம், இருக்கிற சிறு வேற்றுமைகளைக் கர்வ்ஸ் என்னும் வசதியைக் கொண்டு விரித்து, இல்லாததைக் கண்டும் காணாமலும் விடுவதுதான்.

விளையாட்டு உடை என் சிந்தையில் முதன்முதலாக இடம் பிடித்தது 1992-ஆம் வருஷத்து உலகக் கோப்பைக் கிரிக்கெட்டின்போது. ஆஸ்திரேலியாவிலும் நியூஸிலாந்திலும் நடந்த அந்தப் போட்டியில்தான் உலகக் கோப்பை ஆட்டக்காரர்கள் முதல் தடவையாக வெள்ளையை விட்டு வர்ண உடை தரித்தார்கள். அந்த உடைகளின் விசேஷம் என்னவென்றால், எல்லா அணிகளுக்கும் தையல் ஒன்றே, அமைப்பும் ஒன்றே. தோளின் குறுக்கே சிவப்பு, வெள்ளை, பச்சை, நீலப் பட்டைகள் எல்லோருக்கும் பொது. உடலின் நிறம் மட்டும் பாகிஸ்தானுக்குப் பச்சை, நியூஸிலாந்துக்குச் சாம்பல், மேற்கிந்தியருக்கு அரக்கு, நமக்குக் கருநீலம் என்று மாறிக்கொண்டே போகும். பத்திரிகைகளில் வந்த வண்ணப் படங்களை வெட்டி ஸ்டூடியோ இருட்டறைக் கதவில் நான் ஒட்டி வைத்திருந்தேன். ஒரே அச்சில் நிறத்தை மட்டும் மாற்றி ஒன்பது அணிகளைச் சிருஷ்டி செய்துவிட முடியும் என்பது எனக்கு அப்போது ஆச்சரியமாக இருந்தது. அதே சமயம், கறுப்பு வெள்ளையில் அச்சாகும் தினசரிகளில் அதே ஆட்டத்தின் படங்களைப் பார்க்கும்போது, நம்மவரின் கருநீலமும் மேற்கிந்தியரின் அரக்கும் கிட்டத்தட்ட ஒரே கருமையாகத் தெரிவதையும் கவனித்தேன். கவனித்தேனே தவிர, அதன் முழு அர்த்தம் எனக்கு வெகு காலத்துக்குப் பின்புதான் விளங்கிற்று.

ஸ்டூடியோத் தொழில் க்ஷீணித்தபின் நான் பிழைப்புக்காகத் திருப்பூருக்குச் சென்றேன். பனியன் கம்பெனிகளின் ஊராகிய அங்கே, வெள்ளைப் பாலியெஸ்டர் துணியில் விளையாட்டுச் சட்டை அச்சிடும் ஓர் இடத்தில் டிசைனர் வேலை கிடைத்தது. 2014-இல் புரோ கபடி தொடங்கியதற்குப் பிறகு, கிராமத்துக் கபடிக் குழுவும், டென்னிஸ் பந்தில் கிரிக்கெட் ஆடும் இளைஞர் குழுவும், கைப்பந்துக் கழகமும், முதுகில் பெயரும் எண்ணும் போட்ட ஜெர்ஸி இல்லாமல் மைதானத்தில் இறங்குவதில்லை என்ற நிலைமை ஏற்பட்டது. அதுவரை ஒரு கிராமத்துக் குழு தன் நிறத்தைத் தானே தீர்மானித்துக்கொள்வதென்பது அபூர்வம். கடையில் எந்த நிறத்தில் பத்துப் பனியன் கிடைக்குமோ அதுவே குழுவின் நிறம்.

யூனிபார்ம் டெம்ப்ளேட் என்று நாங்கள் சொல்வதில் இரண்டு வகை உண்டு. இரண்டையும் ஒன்றென மயங்குவதால் வரும் தொல்லை அதிகமாகையால் சற்று விரிவாகச் சொல்கிறேன். ஒன்று, வாடிக்கையாளருக்குக் காட்டும் மாதிரிப் படம். வெள்ளைச் சட்டை ஒன்றைப் பொம்மைக்கு அணிவித்து, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழச் செய்து, மடிப்புகள் நன்கு தெரியும்படி புகைப்படம் எடுத்து, அந்த மடிப்புகளை மட்டும் மல்ட்டிப்ளை லேயராக மேலே வைத்துவிட்டால், அதன் அடியில் உடல், கை, காலர், பக்கப்பட்டை ஆகியவற்றைத் தனித்தனி லேயராக அமைத்து, எந்த நிறத்தை ஊற்றினாலும் அது துணியின்மேல் விழுந்த நிறமாகவே தோன்றும். மடிப்பில்லாமல் தட்டையாக வரைந்த சட்டையைக் கண்டு யாரும் தங்கள் சட்டையென்று உரிமை கொண்டாடுவதில்லை. மடிப்பைக் கண்டவுடன் கை தானாகவே திரையை நோக்கி நீளும். இதை நான் பல தடவை பிரத்தியட்சமாகக் கண்டிருக்கிறேன்.

மற்றொன்று, கட்டிங் மாஸ்டரின் பேட்டர்னை ஒட்டி முன்பக்கம், பின்பக்கம், இரு கைகள் என்று துண்டு துண்டாகப் பிரித்து, முழு அளவில், அச்சுக்கென்று செய்யும் டெம்ப்ளேட். 36-ஆம் அளவிலிருந்து 44-ஆம் அளவு வரை ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக இதைச் செய்ய வேண்டும். சிறிய அளவை அப்படியே இழுத்துப் பெரிதாக்கிவிடலாமென்று எண்ணினால், முன்பக்கத்துப் பட்டையும் பின்பக்கத்துப் பட்டையும் விலாவில் தைக்கும் இடத்தில் ஒன்றையொன்று சந்திக்காமல் விரலகலம் விலகி நிற்கும். எண்ணும் உடலோடு சேர்ந்து பருத்துவிடும். உடல் வளரலாம், எண் வளரக் கூடாது. சர்வதேசக் கைப்பந்துச் சம்மேளனத்தின் விதிப்படி மார்பில் எண்ணின் உயரம் குறைந்தது 15 சென்டிமீட்டர், முதுகில் 20 சென்டிமீட்டர். எண்ணின் கோட்டு அகலம் 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. காப்டனுக்கு மார்பின் எண்ணுக்குக் கீழே எட்டு சென்டிமீட்டர் நீளத்தில் ஒரு பட்டை. இந்த விதிகள் கிராமத்து ஆட்டத்தில் யாராலும் அளந்து பார்க்கப்படுவதில்லை. ஆயினும் அவற்றுக்கு இணங்கவே செய்து தர வேண்டும் என்பது என் பிடிவாதம். நடுவர் கோட்டுக்கு வெளியே இருந்தும், ஊர்க்காரர் மரத்தடியில் இருந்தும் படிக்க வேண்டிய எழுத்து அது.

இவ்வாறு செய்த துண்டுகளை இடவலம் மாற்றித் தாளில் அச்சிட்டு, தாளைத் துணியோடு சேர்த்து ஏறக்குறைய 200 டிகிரி சூட்டில் ஒரு நிமிஷத்துக்கும் குறைவாக அழுத்தினால், மையானது திரவமாகாமலே ஆவியாகி, பாலியெஸ்டர் இழைக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. பருத்தியில் இது நிற்காது. இந்த முறையில் வெள்ளை மை என்பதே கிடையாது. துணியின் வெள்ளைதான் வெள்ளை. தாளில் இருக்கும்போது சோகையாகத் தெரியும் நிறம் சூடுபட்டவுடன் எழுந்து நிற்கும். சூடு மிஞ்சினால் சிவப்பு பழுப்பை நோக்கி இறங்கும். திரையில் ஒளியாகத் தெரிகிற நிறம் துணியில் மையாகத் தெரிகிற நிறமாக ஆவதற்குள் இத்தனை அவஸ்தைகள் இருப்பதால், நான் திரையை நம்பி ஒரு நிறத்தையும் தீர்மானிப்பதில்லை. சட்டை தைக்கும் அதே டாட்நிட் துணியில், அதே மெஷினில், நூற்றுக்கணக்கான சிறு கட்டங்களாக நிறங்களை அச்சிட்டு, ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டு, அந்தத் துணியை வாடிக்கையாளர் கையில் கொடுத்து, வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்துத் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

இப்படியிருக்கையில் மூலனூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஓர் இளைஞர், தம் கைப்பந்துக் குழுவுக்கு ஜெர்ஸி வேண்டுமென்று வந்தார். கையில் ஒரு கறுப்பு வெள்ளைக் குரூப் போட்டோ. பின்புறம் 15-8-1964 என்று மையால் எழுதியிருந்தது. சுதந்திர தினப் பந்தயத்தில் ஜயித்தபின் எடுத்தது போலும். ஆட்டக்காரர்கள் நாற்காலியிலும் தரையிலுமாக அமர்ந்திருக்க, நடுவே பந்தும், பின்னால் கொடிமரத்தில் காற்றுக்கு விரிந்த தேசியக் கொடியும் தெரிந்தன. எல்லோரும் ஒரே மாதிரி கரிய சட்டை, வெளிறிய காலர்.

"இதே சட்டையை எங்களுக்கு அடிச்சுக் குடுங்கண்ணா. அந்தப் போட்டோவையும் கலராக்கிக் குடுத்தீங்கன்னா, எங்க அப்பாரு கையில குடுக்கோணும்" என்றார் அவர். அப்பாரு என்று அவர் சொன்ன பாட்டனார் படத்தின் இடது ஓரத்தில் நின்றிருந்தார்.

சட்டை என்ன நிறம் என்று கேட்டேன். பாட்டனார் பச்சை என்கிறாராம். அந்தக் குழுவில் இன்னும் ஜீவித்திருக்கும் மற்றொருவர் காங்கயத்தில் இருக்கிறார். அவர் சிவப்பு என்கிறாராம். இருவருக்கும் இதுபற்றிக் கொஞ்சம் மனஸ்தாபம்கூட ஏற்பட்டிருந்தது.

இந்தக் கேள்விக்குப் படத்தின் சாம்பல் நிறத்திலிருந்தே விடை கிடைக்குமா என்று முதலில் ஆராய்ந்தேன். பழைய நாளைய ஆர்த்தோகுரோமாட்டிக் பிலிமுக்குச் சிவப்பு தெரியாது. அதில் எடுத்த படத்தில் சிவப்பு உடை ஏறக்குறையக் கறுப்பாகவே விழும், வானம் வெள்ளையாகிவிடும். எல்லா நிறத்தையும் உணரும் பான்குரோமாட்டிக் பிலிமில் அப்படியல்ல. 1964-இல் இந்த இரண்டாவது வகையே பரவலாகிவிட்டதெனினும், ஒரு சிறு ஊர் ஸ்டூடியோக்காரர் எதைப் போட்டு எடுத்தார் என்பதை யார் அறிவார்? நல்ல வேளையாக, நிறம் சந்தேகத்துக்கு இடமின்றித் தெரிந்த ஒரு பொருள் அந்தப் படத்திலேயே இருந்தது: தேசியக் கொடி. சிவப்பை உணராத பிலிமானால் காவிக்கும் பச்சைக்கும் சாம்பலில் அதிக பேதம் இராது. உணரும் பிலிமானால் காவி நன்கு வெளிறியும் பச்சை நன்கு கருத்தும் தெரிய வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தேன். காவி தெளிவாக வெளிறியிருந்தது. ஆகவே பிலிம் எல்லா நிறத்தையும் உணர்ந்த பிலிம்தான்.

இவ்வளவு தெரிந்தும் சட்டையின் நிறம் தெரியவில்லை. கறுப்பு வெள்ளைக்கு ஒரு படத்தை மாற்றும்போது, கம்ப்யூட்டரில் வெகுநாளாக வழங்கும் ஒரு கணக்குப்படி, பச்சைக்கு நூற்றில் 59 பங்கும், சிவப்புக்கு 30 பங்கும், நீலத்துக்கு 11 பங்கும் எடை கொடுப்பார்கள். நம் கண்ணுக்கு அவை தோன்றும் பிரகாசத்தின் விகிதம் ஏறத்தாழ அது. அந்தக் கணக்கில் நல்ல சிவப்பும் கரும்பச்சையும் ஒரே சாம்பலில் வந்து நிற்கும். படத்தில் சட்டையின் சாம்பல் கொடியின் பச்சைக்கு மிக அருகில் இருந்தது. அது பச்சையாகவும் இருக்கலாம், சிவப்பாகவும் இருக்கலாம். கொல்கத்தாவின் மோகன் பகான் கால்பந்துக் கழகம் 1911-இல் ஐ.எஃப்.ஏ. கேடயத்தை ஜயித்தபோது எடுத்த படத்துக்கு இன்று ஒருவர் வர்ணம் ஏற்றினால், அரக்கும் பச்சையும் என்று உலகறிந்த கழக நிறம் அவருக்குத் துணையிருக்கிறது. மூலனூர்ப் பக்கத்துக் கைப்பந்துக் குழுவுக்கு அப்படி எந்த ஆதாரம் இருக்கிறது?

போட்டோஷாப்பிலேயே 2020 முதல், கறுப்பு வெள்ளைப் படத்துக்குத் தானாக நிறம் ஏற்றும் ஒரு வசதி இருக்கிறது. எண்ணிறந்த வர்ணப் படங்களைப் பார்த்துப் பழகி, இன்ன வடிவத்துக்கு இன்ன நிறம் இருக்கக்கூடும் என்று ஊகிக்கும் சாதனம் அது. புல்லைப் பச்சையாகவும் தோலைத் தோலாகவும் அது நொடியில் ஆக்கிவிட்டது. சட்டைக்கு ஒரு மங்கிய நீலத்தைக் கொடுத்தது. பச்சை என்ற முதியவரும் சொல்லாத, சிவப்பு என்ற முதியவரும் சொல்லாத அந்த நீலம் திரையில் பார்ப்பதற்கு மிகவும் இயற்கையாக இருந்தது. அதுதான் எனக்குப் பயத்தை உண்டாக்கியது. கேட்பாரற்ற குடும்பமாயிருந்தால் அந்த நீலமே சட்டம் போட்டுச் சுவரில் மாட்டப்பட்டு, பேரப் பிள்ளைகளுக்கு உண்மையாகியிருக்கும். அச்சாதனத்தை நான் வெறுக்கவில்லை. தோலுக்கும் மண்ணுக்கும் முதல் பூச்சாக அதை வைத்துக்கொள்வதும் உண்டு. ஆனால் சாட்சி சொல்லும் அதிகாரத்தை அதனிடம் ஒப்படைப்பது தகாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தக் கிராமத்துக்கே சென்றேன். பாட்டனார் வெகு மரியாதையோடு உட்கார வைத்து, படத்தில் இருந்த ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் காட்டி, சட்டை பச்சைதான் என்று மிகுந்த நிச்சயத்தோடு சொன்னார். அவருடைய தங்கை, எண்பதை நெருங்கிக்கொண்டிருந்த அம்மாள், திண்ணையில் வெற்றிலை போட்டபடி கேட்டுக்கொண்டிருந்தவர், "அந்தத் துணியில மிஞ்சினதுதானுங்க இது" என்று தம் இடுப்பிலிருந்த சுருக்குப்பையை எடுத்து நீட்டினார். குழுவுக்குச் சட்டை தைத்த டெய்லர் வெட்டில் மிஞ்சிய துணியை இந்த வீட்டில் கொடுத்தாராம். அந்த அம்மாளின் தாயார் அதில் பை தைத்து வைத்திருந்தாராம். தாயாருக்குப் பின் அது இவருக்கு வந்ததாம். பையின் வெளிப்புறம் வெளுத்து, வெற்றிலைக் கறையும் சுண்ணாம்பும் ஏறி, எந்த நிறமென்றும் சொல்ல முடியாத நிலையில் இருந்தது. ஆனால் சாயத்தை அழிப்பது பெரும்பாலும் வெயிலாகையால், வெயில் புகாத தையல் மடிப்புக்குள் பழைய நிறம் ஒளிந்திருக்கக் கூடும் என்பதைப் பனியன் கம்பெனியில் வேலை செய்த யாரும் அறிவார்கள். தயக்கத்தோடு கேட்டேன். "பிரிச்சுப் பாரு கண்ணு, நானே திருப்பித் தெச்சுக்கறேன்" என்றார் அந்த அம்மாள்.

இரண்டு தையலைப் பிரித்து மடிப்பை விரித்தபோது உள்ளே இருந்தது நல்ல அரக்கு நிறம். காங்கயத்துப் பெரியவர் சொன்ன சிவப்புக்குச் சற்று ஆழ்ந்த நிறம். பச்சைக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

பாட்டனார் பொய் சொல்பவரல்லர். அவர் ஞாபகமும் பழுதற்றது. அன்று மாலை அவருடைய மகன் பேச்சுவாக்கில் சொன்ன ஒரு செய்தி எனக்கு எல்லாவற்றையும் விளக்கிற்று. மிளகாய்த் தோட்டத்தில் பழம் எது, காய் எது என்று அவருக்குத் தூரத்திலிருந்து தெரியாதாம்; கிட்டப் போய்த் தொட்டுப் பார்த்துத்தான் பறிப்பாராம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறியும் சக்தி பிறவியிலேயே குறைந்த கண்கள் சில ஆண்களுக்கு உண்டு. ஆண்களுக்குத் தாய் வழியே வரும் குணம் அது; பெண்களிடம் அபூர்வம். ஆயுள் முழுவதும் தமக்கு அப்படியென்று அறியாமலே இருந்துவிடுகிறவர்கள் அநேகர். அறுபதாண்டுகளுக்கு முன் அவர் கண் கண்டதை அவர் உண்மையாகவே சொன்னார். கைப்பந்தில் நடுவே வலை இருப்பதால் எதிராளியின் சட்டை எந்த நிறமானாலும் அவருக்கு இடையூறு நேர்ந்திராது. கபடியோ கால்பந்தோ ஆடியிருந்தால் தம்மவர் யார், பிறர் யார் என்று தெரியாமல் எவ்வளவு கஷ்டப்பட்டிருப்பார் என்பதை நினைத்துப் பார்த்தேன். அமெரிக்கக் கால்பந்தில் 2015 நவம்பர் 12-ஆம் தேதி நியூயார்க் ஜெட்ஸ் அணி சட்டை முதல் காலுறை வரை பச்சையிலும், பஃபலோ பில்ஸ் அணி சட்டை முதல் காலுறை வரை சிவப்பிலும் இறங்கியபோது, தொலைக்காட்சியில் பார்த்த இத்தகைய கண்ணுடையவர்கள் இரண்டு அணியும் ஒன்றாகவே தெரிகிறதென்று முறையிட்டார்கள். எல்லா வசதியும் பெற்ற தொழில்முறைப் பந்தயத்திலேயே இதை யோசிக்க ஒருவரும் இல்லாமல் போயிற்று என்றால், டெம்ப்ளேட் செய்கிற எங்களுக்கு எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

அன்று முதல் நான் செய்கிற எந்த டெம்ப்ளேட்டையும், வாடிக்கையாளருக்குக் காட்டுவதற்கு முன்பு, மேலே ஒரு கறுப்பு வெள்ளை லேயரைப் போட்டுப் பார்த்துவிடுகிறேன். எண்ணும் சட்டையும் அந்தச் சாம்பலிலே பிரிந்து நிற்கின்றனவா? ஒரே பந்தயத்துக்கு இரண்டு குழுக்களுக்கும் நாங்களே தைக்கும்போது அந்த இரண்டும் பிரிந்து நிற்கின்றனவா? நிற்காவிட்டால் நிறத்தை மாற்றச் சொல்லி வாதாடுவேன். சிவப்புச் சட்டையில் பச்சை எண் கேட்டு வருகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். கூடாதென்று சொல்லி, சாம்பலாக்கிக் காட்டினால், மறு பேச்சுப் பேசாமல் வெள்ளை எண்ணுக்கு இசைகிறார்கள். கறுப்பு வெள்ளையில் பிரிந்து நில்லாத நிறங்கள் வர்ணத்தில் பிரிந்து நிற்பதாக நமக்குத் தோன்றுவது நம்முடைய கண்ணின் சௌகரியம். எல்லோருடைய கண்ணுக்கும் அது வாய்த்ததல்ல.

அந்தக் குழுவுக்கு அரக்குச் சட்டையும் வெள்ளைக் காலரும் வெள்ளை எண்ணும் அமைத்தேன். அரக்கு அச்சில் பழுப்பாக இறங்கும் நிறமாகையால், சுருக்குப்பையின் மடிப்பைப் புகைப்படம் எடுத்து அதிலிருந்து எடுத்த நிறத்தை நம்பாமல், நிறக் கட்டத் துணியைக் கையோடு கொண்டுபோய் அந்த மடிப்பின் பக்கத்திலேயே வைத்து, வெயிலில் இலக்கத்தைக் குறித்துக்கொண்டு வந்திருந்தேன். 1964-இல் இல்லாத ஓர் ஆட்டக்காரர் இப்போது கைப்பந்தில் உண்டு. லிபரோ என்று 1998-இல் விதியில் சேர்ந்தவர். மற்றவர்களின் நிறத்துக்கு முற்றிலும் மாறான நிறத்தை அவர் அணிய வேண்டும். அவருக்குச் சந்தன நிறம் கொடுத்தேன். சாம்பலிலும் அது வெளிச்சமாய்த் தனித்து நின்றது.

புகைப்படத்தை முடிப்பதற்கு ஜெர்ஸியைவிட அதிக காலம் பிடித்தது. கொடி எளிது, சட்டைக்குத் துணியே சாட்சி, ஆட்டக்காரர்களின் மேனிக்கு மாஸ்டரின் செம்மண் சாயையையே ஆதாரமாகக் கொண்டு, வெயிலில் ஆடிக் கறுத்தவர்களைக் கறுத்தவர்களாகவே விட்டேன். கால்சட்டை, நாற்காலியின் வர்ணம், பின்சுவர் ஆகியவை என் ஊகம். அச்சிட்ட படத்தின் கீழ் ஓரத்தில், சட்டையின் நிறம் அக்காலத்துத் துணியைப் பார்த்து ஏற்றியது, கொடியும் சட்டையும் நீங்கலாக மற்றவை ஊகம் என்று சிறிய எழுத்தில் போட்டேன். மூலப்படத்தைத் தொடாமல் தனியே உறையிலிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். பாட்டனாரிடம் படத்தைக் கொடுத்தபோது அவர் சட்டையை உற்றுப் பார்த்து, "இதேதானுங்க, இதே பச்சை" என்றார். அருகிலிருந்த யாரும் மறுத்துச் சொல்லவில்லை. காங்கயத்துப் பெரியவருக்கும் அதே படத்தின் இன்னொரு பிரதியை அனுப்பி வைத்தோம்.

வாசகர்களிடம் எனக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. உங்கள் வீட்டில் கறுப்பு வெள்ளைப் படங்கள் இருக்குமானால், அவற்றில் இருப்பவர்களையோ அவர்களை அறிந்தவர்களையோ, அவர்கள் ஜீவித்திருக்கும்போதே, இந்தப் புடவை என்ன நிறம், இந்தச் சட்டை என்ன நிறம் என்று கேளுங்கள். ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்தாமல் இருவரையேனும் கேளுங்கள். அந்தத் துணியில் ஓர் ஒட்டாவது வீட்டில் கிடக்கிறதா என்று தேடுங்கள். கிடைத்த விவரத்தை, யார் சொன்னார் என்பதோடு, படத்தின் பின்புற ஓரத்தில் மென்மையான பென்சிலால், அழுத்தாமல் எழுதி வையுங்கள்.